மொய் நோட்டும் பதினோரு போட்டோவும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை மணி இருக்கும். மகன் போன் செய்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்போ கொஞ்சம் தள்ளி வாங்க."

எழுபதைத் தாண்டிய முழங்காலுக்குத் தள்ளிப் போவது என்பது சாதாரண விஷயமில்லை. மெதுவாக எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். விஷயம் இதுதான். என் பேத்திக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்த நாள் விழா. மகனுக்குக் கல்யாணமும் தாமதம், குழந்தையும் தாமதம். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கொண்டாடுகிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏ.சி. ஹால். காடு மாதிரி அலங்காரம். பலூனில் ஒட்டகச்சிவிங்கி. எண்பது பேருக்குச் சாப்பாடு. பாப்பாவுக்குப் புலித்தோல் மாதிரி ஒரு கவுன்.

"பாப்பாவுக்கு சாயங்காலத்துலேருந்து லேசா காய்ச்சல்ப்பா. நூறு இருக்கு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, வைரல்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும்ல? ஹால் அட்வான்ஸ் கொடுத்தாச்சு, கேட்டரிங் கொடுத்தாச்சு. இவ தள்ளி வெச்சுக்கலாம்னு சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்வது? "இரு, யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து ஒரு பையை இறக்கினேன். அதில் இருப்பது ஒரு நீள நோட்டும் ஒரு சின்ன ஆல்பமும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது கீழ் அலமாரியில் இருந்த அத்தனையும் ஊறிப்போனது. இந்தப் பை பரணில் இருந்ததால் தப்பியது. தப்பியிருக்க வேண்டாமே என்றுகூட ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் வேறு. பொறுமையாகப் படியுங்கள்.

*

1981 மே மாதம். நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தந்தி வந்தது. "ஆண் குழந்தை. தாய் சேய் நலம்." தந்தி என்றால் சாவுச் செய்தி என்று பயந்த காலம். (அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு போய்ச் சேர்ந்தது.) பியூன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்துவிட்டுச் சிரித்ததும் அவரும் சிரித்தார். அடுத்த பத்தாவது நிமிடம் எங்கள் செக்‌ஷனில் இருந்த பதினான்கு பேருக்கும், பக்கத்து செக்‌ஷனிலிருந்து சத்தம் கேட்டு வந்த பத்துப் பேருக்கும் ஸ்வீட், காரம், காபி. தகப்பன் ஆன முதல் செலவு அதுதான். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கடன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். மாமியார் வீடு மாயவரம். அன்று இரவே தாம்பரத்தில் ரயில் ஏறினேன். உட்கார இடமில்லை. கக்கூஸ் ஓரம் நின்றுகொண்டே போனேன். விடிகாலையில் போய் நின்றால், மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "மாப்பிள்ளை, முதல்ல குளிச்சுட்டு வாங்க, ரயில் அழுக்கோட குழந்தையத் தொடக் கூடாது" என்றார். குளித்துவிட்டு வந்தேன். "ஈரத்தோட தொடக் கூடாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்றார். துடைத்துக்கொண்டு வந்தேன். "இப்பத்தான் தூங்குச்சு" என்றார். ஆக நான் என் மகனை முதன்முதலில் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். சிவப்பாக, கோபமாக இருந்தான். எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் சாயல் இருந்தது.

என் அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கணக்கு எழுதியவர். அவருக்குத் தகவல் சொன்னதும், குழந்தை யார் ஜாடை, எடை எவ்வளவு என்று ஒன்றும் கேட்கவில்லை. "மேரியில் பதிஞ்சாச்சா?" என்றார். மேரி என்றால் பெண் பெயர் இல்லை. புதுச்சேரியில் நகரமன்றக் கட்டடத்துக்கு அந்தப் பெயர். அந்தக் காலப் பிரெஞ்சுச் சட்டப்படி குழந்தை பிறந்து மூன்று நாளுக்குள் அங்கே போய் பதிய வேண்டியிருந்தது. "அப்பா, இது மாயவரம், இங்கே மேரி இல்லை" என்றால், "சர்க்கார்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேட்டார். போய்ப் பதிந்தேன். பதியும் இடத்தில் பெயர் என்ற கட்டம் காலி. ஏனென்றால் பெயர் இன்னும் முடிவாகவில்லை.

பெயர் விஷயத்தில் மூன்று கட்சிகள். மாமியார் கட்சி, வைத்தீஸ்வரன்கோயில் சாமிக்கு நேர்ந்துகொண்டதால் வைத்தியநாதன். என் அம்மா கட்சி, மயிலம் முருகன் எங்கள் குலதெய்வம், ஆகவே சுப்பிரமணியன். என் மனைவி தனிக் கட்சி: "ரெண்டெழுத்துல, இல்லே மூணெழுத்துல, கூப்பிட லேசா இருக்கணும்." தொட்டில் போட்ட அன்று எல்லாருமே குழந்தையின் காதில் அவரவர் பெயரை மும்மூன்று முறை சொன்னார்கள். பாவம், யார் பேச்சைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீறிட்டு அழுதான். 1982-ல் மாயவரத்துக்கு மயிலாடுதுறை என்று அரசாங்கம் பெயர் மாற்றியது. ஒரு ஊருக்கே பெயர் மாற்றிவிட்டார்கள். எங்களால் ஆறு மாதம் ஆகியும் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்க முடியவில்லை. கடைசியில் என் மனைவிதான் ஜெயித்தாள். என்ன பெயர் என்று இங்கே எழுதக் கூடாது என்று மகன் தடை போட்டிருக்கிறான்.

இதில் ஒரு உபயோகமான தகவல். பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவு செய்யவும், பிறகு பெயரைச் சேர்க்கவும் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இப்போதைய விதிப்படி 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். பேரன் பேத்தி பெயர் இன்னும் ஏறாமல் இருந்தால் சும்மா இருக்காதீர்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது நான் பட்ட பாடு நீங்கள் பட வேண்டாம்.

*

மூன்றாம் மாதம் தாயும் சேயும் சிட்லபாக்கம் வந்தார்கள். அன்றைய சிட்லபாக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்தால் நாலு வீடு, அப்புறம் பொட்டல், அப்புறம் இரண்டு வீடு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி. எங்கள் வீட்டில் அதற்குப் போட்டியாக இன்னொரு கச்சேரி. தவளையாவது விடிந்ததும் நிறுத்திவிடும்.

குழந்தையோடு மாமியாரும் வந்தார். அதைக் கேள்விப்பட்டு, புதுச்சேரியிலிருந்து என் அம்மாவும் வந்தார். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுக்களை உள்ள வாடகை வீட்டில் இரண்டு பாட்டிகள். ஒருவர் உரை மருந்து உரசினால் இன்னொருவர் ஓமத் தண்ணீர் காய்ச்சுவார். ஒருவர் கிரைப் வாட்டர் என்றால் இன்னொருவர் வசம்பைச் சுட்டுக் கருக்குவார். வசம்பு என்ற பெயரைச் சொல்லக் கூடாதாம். அதனால் பேர் சொல்லா மருந்து என்பார்கள். பேர் சொல்லா மருந்தும் பேர் இல்லாப் பிள்ளையும் ஒரே வீட்டில். (இதையெல்லாம் இப்போது டாக்டர்கள் கொடுக்கவே கூடாது என்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.)

ஐப்பசி பிறந்ததும் அடைமழை. துணி காயாது. அந்தக் காலத்தில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் குழந்தைக்குக் கட்டுவது. ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி முப்பது முப்பத்தைந்து துணி தொங்கும். அலுவலகத்துக்குப் போகும் முன் கயிற்றுக்குக் கயிறு குனிந்து குனிந்து வாசலுக்கு வருவேன். ஒரு நாள் அதில் ஒன்று என் தோளில் விழுந்ததைக் கவனிக்காமல் ரயிலேறிவிட்டேன். நுங்கம்பாக்கத்தில் இறங்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், "சார், அங்கவஸ்திரம் நழுவுது" என்றார்.

அந்தத் தீபாவளிக்குக் குழந்தைக்கு ஐந்து சட்டை வந்தது. எனக்கு ஒரு வேட்டி வந்தது. அந்த வேட்டியும் கார்த்திகைக்குள் நாலாகக் கிழிந்து கயிற்றில் தொங்கியது.

தாலாட்டுப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு மீடியம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் நாங்கள் பிரெஞ்சில்தான் படித்தோம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே குழந்தைப் பாட்டு ‘ஃப்ரேர் ஷாக்’. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தபடி அதைத்தான் பாடுவேன். மாமியார் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். மூன்றாம் நாள் காலையில், "மாப்பிள்ளை, அது எந்த சாமி மந்திரம்?" என்றார்.

"மந்திரம் இல்லீங்க. பாட்டு. ஒரு சாமியார் தூங்கிட்டு இருக்கார். மணி அடிக்கணும், நேரமாச்சு, எழுந்திருன்னு அவரை எழுப்புறாங்க."

மாமியார் சற்று யோசித்தார். "தூங்குற சாமியார எழுப்புற பாட்டப் பாடினா, முழிச்சிருக்கிற குழந்தை எப்படித் தூங்கும்?"

நியாயமான கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு வேறு பாட்டுத் தெரியாதே. அதையே பாடினேன்.

*

வருஷம் திரும்பியது. முதல் முடி மயிலத்திலா வைத்தீஸ்வரன்கோயிலிலா என்று மறுபடியும் வழக்கு. முதல் முடி மயிலம், இரண்டாவது முடி வைத்தீஸ்வரன்கோயில் என்று தவணை முறையில் தீர்ப்பானது. ஆண்டு நிறைவும் காதுகுத்தும் சேர்த்து சிட்லபாக்கம் வீட்டில் என்று முடிவு செய்தோம். 1982 மே, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு இருபது பேரைக் கூப்பிட்டாப் போதும்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஊரெல்லாம் மொய் எழுதியிருக்கிறேன், இப்போதுதானே வசூல் காலம் என்று கணக்குப் போட்டேன். பட்டியல் நூற்றுச் சொச்சத்துக்கு வளர்ந்தது. பணத்துக்கு பி.எஃப். அட்வான்ஸ். சடங்குகளுக்கு வைப்பு நிதியிலிருந்து முன்பணம் வாங்க விதி உண்டு. 1,500 ரூபாய், மாதம் 75 வீதம் 20 தவணை. விண்ணப்பத்தில் என்ன காரணத்துக்காக என்ற இடத்தில், ‘இயர் போரிங் செரிமனி’ என்று என் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். சூப்பரிண்டெண்டெண்ட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, போரிங்கா? வீட்டுக்கு போர் போடுறதுன்னா வீட்டுக் கடன்ல கேக்கணும், இதுல எப்படிக் கேக்குறே?"

"கிணத்துக்கு இல்ல சார், காதுக்கு."

செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும் வரை எனக்கு அலுவலகத்தில் ‘போர்வெல்’ என்று பெயர். என் மகனுக்கே பெயர் வைக்கத் தகராறு. எனக்கு ஐந்தே நிமிடத்தில் வைத்துவிட்டார்கள்.

விழா அன்று விடிகாலையிலேயே வாசலில் சாமியானா. பின்புறம் கோட்டை அடுப்பு. ஆசாரி வந்துவிட்டார். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடு மாயவரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். லாம்பி ஸ்கூட்டரில் ஒரு போட்டோகிராபர். முப்பத்தாறு படம் எடுக்கிற ரோல் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் திண்ணையில் பாய் போட்டு, நீள நோட்டை விரித்து, மொய் எழுத என் நண்பர் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, பின்னால் போய் இலை எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே மனைவி வந்தாள்.

"என்னங்க, பிள்ளைக்கு உடம்பு சுடுது."

"மே மாசம்டி. எல்லாருக்குந்தான் சுடும்."

"இல்லீங்க, கண்ணெல்லாம் செவந்திருக்கு. காது குத்துறத வேணா இன்னொரு நாளைக்கு..."

"நூத்தி இருபது இலை போட்டாச்சு. ஆசாரி வந்தாச்சு. இப்ப வந்து சொல்றே."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை. நாற்பது வருஷமாக மனப்பாடமாக இருக்கிறது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியாயிற்று. அழுதான். காது குத்தினால் எல்லாக் குழந்தையும்தானே அழும் என்று எல்லாரும் சிரித்தார்கள். மடியிலிருந்து மடிக்குப் போய்க்கொண்டிருந்தான். தூக்கியவர்கள் எல்லாருக்குமே உடம்பு சுட்டது தெரிந்திருக்கும். ஆனால் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்கள். வீட்டுக்காரன் பாயசம் பத்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பந்தி பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து மனைவி கத்தினாள். ஓடினேன். குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. யாரோ இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். யாரோ வாயைத் திறக்கச் சொன்னார்கள். என் அம்மாவும் மாமியாரும், வந்த நாளிலிருந்து ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள், ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. கையில் பாயசக் கரண்டியோடு நின்றேன்.

"சார், ஏறுங்க" என்றார் போட்டோகிராபர். கேமராவை அப்படியே பாயில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அன்று இருந்த ஒரே வண்டி அதுதான். நடுவில் நான், பின்னால் குழந்தையோடு மனைவி, மூன்று பேராக குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் குழந்தை துவண்டு கிடந்தான். டாக்டர் முதலில் சாவியைப் பிடுங்கி மேஜையில் போட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பட்டுச் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கச் சொன்னார். ஊசி போட்டார். "காய்ச்சல்ல வந்த வலிப்பு. பயப்படாதீங்க, இது காக்கா வலிப்பு இல்ல. கொஞ்ச நேரம் தூங்குவான். முழிச்சதும் அம்மாவ அடையாளம் தெரியுதான்னு பாக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை மணிலேருந்து காய்ச்சல்?" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். "காலைலேருந்து டாக்டர். நாங்க கவனிக்கல" என்றாள். நாங்க என்றாள்.

ஒரு மணி நேரம் ஆகியும் அவன் எழுந்திருக்கவில்லை. மனைவி நெற்றியில் வைத்த கையை எடுக்கவேயில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், கட்டிலருகே குனிந்து, எனக்குத் தெரிந்த அந்த ஒரே பாட்டை அவன் காதோரம் மெதுவாகப் பாடினேன். குத்தின காது சிவந்து வீங்கியிருந்தது. வருஷம் பூராவும் தூங்க வைக்க என்று பாடிய பாட்டு. அன்றைக்குத்தான் அதன் அர்த்தத்தோடு பாடினேன். எழுந்திரு, நேரமாச்சு, எழுந்திரு. எத்தனை தடவை பாடினேனோ தெரியாது. பாட்டுக்காக எழுந்தான் என்று சொல்ல மாட்டேன், மருந்துக்காகத்தான். ஆனால் எழுந்தான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோபமாக அழுதான். பழையபடி சூப்பரிண்டெண்டெண்ட் முகம்.

*

வீட்டுக்குத் திரும்பியபோது சாமியானாவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நண்பர் மொய்க் கணக்கை மட்டும் சரியாக முடித்திருந்தார். வரவு 1,106 ரூபாய், ஒரு வெள்ளிக் கிண்ணம், எவர்சில்வர் பாத்திரம் பதினேழு. போட்டோகிராபர் பணம் வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். அந்த ரோலில் எடுத்திருந்தது பதினோரு படம்தான்.

அந்தப் பதினோரு படத்தையும் இப்போது எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். தாய்மாமன் சிரிக்கிறார். இரண்டு பாட்டிகளும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் எல்லாப் படத்திலும் எங்கேயோ பார்த்து யாரையோ வரவேற்கிறேன். என் மனைவி மட்டும் ஒரு படத்தில்கூட கேமராவைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவள் கை குழந்தையின் நெற்றியில் இருக்கிறது, அல்லது கழுத்தடியில் இருக்கிறது.

"ஏம்மா என் ஃபர்ஸ்ட் பர்த்டேக்கு இவ்ளோ கம்மியா போட்டோ?" என்று மகன் பத்து வயதில் கேட்டான். "ஃபிலிம் தீந்து போச்சுடா" என்றேன். அதுதான் நாற்பது வருஷமாக எங்கள் வீட்டு அதிகாரபூர்வமான பதில். வலிப்பு என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. பாட்டிகள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது இதைப் பிடித்துக்கொண்டால்? பின்னால் பிறந்த பெண்ணுக்கும் சேர்த்துப் பாதகமாகிவிடுமே? அவனுக்கு அப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. அதனால் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. வசம்பைப் போல இதையும் பேர் சொல்லாமலே வைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை ராத்திரி ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள். தள்ளிப் போய்ப் பேசினாலும் அவளுக்குக் கேட்டுவிடும்.

"பாப்பாவுக்குக் காய்ச்சலா?"

"ஆமா. நூறாம்."

"சொல்லிடுங்க."

"காலைல சொல்லலாம்னு..."

"காலைல வரைக்கும் வெக்காதீங்க."

மணி பதினொன்று. போன் செய்தேன். சொன்னேன். காய்ச்சல் வலிப்பு சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று டாக்டர்கள் சொல்வதால், அவனுக்கு வந்தது அவன் மகள் விஷயத்தில் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். இலை எண்ணிக்கொண்டிருந்ததையும், மே மாசம் எல்லாருக்கும் சுடும் என்று சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ ஃபிலிம் தீந்து போகலையா?" என்றான்.

"இல்லடா."

மறுபடியும் கொஞ்ச நேரம் மௌனம். "அம்மாகிட்ட குடுங்க" என்றான். கொடுத்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு காது கூர்மையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா நடக்கவில்லை. ஹால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்களாம். சாப்பாட்டுக்காரர் மட்டும் தேதி மாற்றிக்கொள்கிறேன் என்றார். காய்ச்சல் சனிக்கிழமையே விட்டுவிட்டது. "பாத்தீங்களா, வெச்சிருக்கலாம்" என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். நாங்கள் இருவரும் கால் டாக்ஸி பிடித்துப் போனோம். ரசம் சாதம், அப்பளம், ஒரு சின்ன கேக். புலித்தோல் கவுன் அலமாரியில் தொங்கியது. பாப்பா ஒரு பழைய பருத்திச் சட்டையில் இருந்தாள். மருமகள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் அவளைப் பார்த்து, "இன்னொரு தடவ தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கலாமா?" என்று தானாகவே கேட்டான். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

மத்தியானம் பாப்பா தூங்க மறுத்தது. மகன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தபடி ஏதோ முணுமுணுத்தான். கவனித்துக் கேட்டேன். ஃப்ரேர் ஷாக்! உச்சரிப்பு முழுக்க சிட்லபாக்கம்.

"டேய், அது எழுப்புற பாட்டுடா" என்றேன்.

"தெரியும்பா, கூகுள்ல பாத்துட்டேன். எனக்கும் வேற பாட்டுத் தெரியாதே" என்றான்.

நண்பர்களே, வழக்கம்போலக் கடைசியில் கொஞ்சம் புத்திமதி. காய்ச்சல் வலிப்பு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வரக்கூடியது. பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், கெடுதல் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவி வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி வந்து, பேர் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தால், பேரப்பிள்ளைகளின் டாக்டருக்காவது சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, இலை எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து குழந்தைக்கு உடம்பு சுடுது என்றால், இலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்த் தொட்டுப் பாருங்கள்.